பத்தொன்பதாம் எண் தாள்

முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் இடையே முந்நூற்று முப்பத்தாறு மணி நேரம் இருக்க வேண்டும். பதினாலு நாள். அதே ஆள், அதே கேள்விகள், முடிந்தால் அதே இடம், அதே நேரம். அதில் நாற்பத்தொரு மணி நேரம் கழிந்திருந்தபோது, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, செம்பூர் அலுவலகத்தின் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து உமாமகேஸ்வரி பத்தொன்பதாம் எண் தாளைத் திருப்பிப் போட்டாள். பின்பக்கத்தில் விரலை ஓட்டினாள். வழுவழுவென்று இருந்தது.

மற்ற தாள்கள் அப்படி இல்லை. தாராவியில் அவள் வீட்டுச் சந்துப் பெண்கள் பேனாவைப் பிடித்தால் அழுத்திப் பிடிப்பார்கள். முன்பக்கம் அவர்கள் போட்ட ஒவ்வொரு கோடும் பின்பக்கம் தழும்பு போலப் புடைத்திருந்தது. பதினெட்டாம் தாள் அம்மாவுடையது. அம்மா பேனாவை முஷ்டிக்குள் வைத்துக்கொண்டு கிழித்ததில் இரண்டு இடத்தில் காகிதமே ஓட்டையாகியிருந்தது. பத்தொன்பதில் மை இருந்தது. மெல்லிய, நேரான, முப்பது நீலக் கோடுகள். போட்ட கையின் கனம் மட்டும் அந்தக் காகிதத்தில் எங்கும் இல்லை.

மனம் தன்னைவிட்டு விலகிப் போவதை அளக்கும் தாள் அது. நின்ற இடத்தில் நினைவு தப்புவது, தன் உடம்பு தன்னுடையதாகத் தோன்றாமல் போவது, தெரிந்த வீடு தெரியாத வீடாவது என்று முப்பது கேள்விகள். ஒவ்வொன்றின் கீழும் நூறு மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு. இடது முனையில் 'ஒருபோதும் இல்லை', வலது முனையில் 'எப்போதும்'. பதில் சொல்பவர் தனக்கு எவ்வளவு என்று படுகிறதோ அந்த இடத்தில் குறுக்கே ஒரு வெட்டுப் போட வேண்டும். உமா எஃகு ஸ்கேலை வைத்து அளப்பாள். இடது முனையிலிருந்து எத்தனை மில்லிமீட்டரோ அத்தனை மதிப்பெண். தமிழில் இந்தத் தாள் புதிது. பதினாலு நாள் கழித்தும் ஒருவர் ஏறக்குறைய அதே இடத்தில் வெட்டுகிறாரென்றால் தாளை நம்பலாம். அதைப் பார்ப்பதுதான் ஆய்வு.

ரத்தத்தில் தெரியாது, ஸ்கேனில் தெரியாது, அந்த ஆள் சொன்னால்தான் உண்டு என்று ஆய்வை நடத்தும் சுஷ்மா மேடம் முதல் நாளே சொல்லியிருந்தார். அதனால் அவர்கள் சொன்னதில் கை வைக்காதே. உமாவுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. மாட்டுங்காவில் பி.எஸ்ஸி. படித்த மூன்று வருடத்தில் வகுப்பில் அவள் வாய் திறந்து கேட்ட கேள்விகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஸ்கேல் பதிலுக்கு எதையும் கேட்பதில்லை.

இந்தத் தாளின் மேல் மட்டும் ஸ்கேலை வைக்கக் கை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஐந்து பெண்களை வீட்டில் உட்கார வைத்திருந்தாள். பத்துக்குப் பன்னிரண்டடி அறை. வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே டியூப் லைட் எரிந்தாக வேண்டும். ஒரு மூலை முழுக்கத் தையல் பட்டறையிலிருந்து வந்த ஜீன்ஸ் மூட்டைகள், மூக்கைப் பிடிக்கும் சாய வாடையோடு. அதில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டித் தருவதுதான் அம்மாவின் வேலை. இன்னொரு மூலையில் இரும்பு ஏணி. அது மேலே மாளாவுக்குப் போகிறது. அறைக்குள்ளேயே பாதி உயரத்தில் பலகை அடித்து ஆள் படுக்கிற மாதிரி செய்த மேல்தட்டுக்கு இங்கே அதுதான் பெயர். வந்தவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்தைக் கூட்டித்தான் படிக்க வரும், மீதிப் பேருக்கு அதுவும் வராது. ஆகவே உமா ஒவ்வொரு கேள்வியாக வாசிப்பது, அவர்கள் வெட்டுவது என்று ஏற்பாடு.

"பக்கத்தில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போது பாதிப் பேச்சு காதில் விழாமல் போகிறது" என்று வாசித்ததும் எதிர்வீட்டுத் தங்கபுஷ்பம் அக்கா பேனாவை நீட்டினாள். "இது எங்க வீட்டு மனுசனுக்குள்ள கேள்வில்லா. அவருக்கு எப்போதும்னு போடுட்டி." எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தியின் கோடு ஏன் அவ்வளவு இடது பக்கம் இருக்கிறது, நீ அப்படி மறப்பவள்தானே என்று இன்னொருத்தி அவள் கையைத் தள்ளினாள். அவரவர் தாளை அவரவர்தான் போட வேண்டும் என்று உமா மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அதற்கு முன்பே, தாள்களைக் கொடுக்கும்போது, அம்மா நீட்டிய கையை எடுக்காமல் நின்றாள்.

"இன்னொண்ணு குடு."

"யாருக்கும்மா?"

"விஜிக்கு. அவளும் இந்த வீட்ல உள்ளவதான."

தங்கபுஷ்பம் அக்கா ஜீன்ஸ் மூட்டையைப் பார்த்தாள். இல்லை என்று சொல்வதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணத்தை அந்த அறையில் யாரும் பதினோரு மாதமாக வாயால் சொன்னதில்லை. உமா பத்தொன்பதாம் தாளை நீட்டினாள். அம்மா அதை ஓர் அட்டையில் வைத்து, மேலே ஒரு பேனாவையும் வைத்து, ஏணியின் உச்சிப் படிக்கு மேல், மாளாவின் விளிம்பில் வைத்துவிட்டு இறங்கினாள். "நிறுத்தி வாசி. அவளுக்குக் கேக்கணும்."

எல்லோரும் போன பிறகு அட்டையை எடுத்தபோது முப்பது கேள்விக்கும் வெட்டு விழுந்திருந்தது.

விஜயராணி உமாவின் தங்கை. இருபது வயது. போன ஆடி மாதம், மூன்று நாள் விடாமல் பெய்த மழையில், வேலை முடிந்து வரும்போது லோக்கல் ரயிலிலிருந்து விழுந்துவிட்டாள் என்று போலீஸிலிருந்து போன் வந்தது. தண்டவாளத்தின் ஓரம் கிடந்த பையில் அவள் சீசன் டிக்கெட் இருந்தது. அப்பா இல்லாத வீடு. அம்மா எழுந்து நிற்கிற நிலையில் இல்லை. உமாதான் போனாள், துணைக்கு வெயிலுமுத்து மாமா. மருத்துவமனையின் கடைசிக் கட்டடத்து வாசலோடு மாமா நின்றுவிட்டார். எனக்கு அந்த வாடை ஆகாது தாயி, நீ பாத்துட்டு வா என்றார். உள்ளே அவள் மட்டும் போனாள். வெளியே வரும்போது கையெழுத்துப் போட்டிருந்தாள். உடம்பைத் துணியில் இறுக்கிக் கட்டித்தான் கொடுத்தார்கள். அன்று சாயங்காலம் அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். முகம் எப்படி இருந்தது? தூங்குகிற மாதிரி இருந்தது என்று உமா சொன்னாள். அதற்குப் பிறகு அந்த அறையைப் பற்றி யாரிடமும் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

பங்குனியில் அம்மா விஜியைக் கன்னியாக வைத்தாள். கல்யாணம் ஆகாமல் போன பெண்ணுக்கு ஊரில் எல்லோரும் செய்வதுதான். புதுப் பெட்டி வாங்கி, அதில் புதுப் பாவாடை தாவணி, கண்ணாடி, சீப்பு, வளையல், பவுடர் எல்லாம் வைத்து, சர்க்கரைப் பொங்கல் இட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எங்கேயும் போகாமல் இந்த வீட்டிலேயே இரு என்று கேட்டுக்கொள்வார்கள். அம்மா பெட்டியை மாளாவில் வைத்துக் கூப்பிட்டாள். விஜயராணி, வாம்மா. விஜயராணி, வாம்மா. விடியும்வரை கூப்பிட்டாள். அதன் பிறகு அம்மாவுக்குத் தூக்கம் வந்தது, சாப்பாடு இறங்கியது. அவ இருக்கான்னுதான் நான் இருக்கேன் என்று ஒருநாள் நூல் வெட்டிக்கொண்டே சொன்னாள். உமா அதுவரை மாளாவில் படுத்துக்கொண்டிருந்தவள், பாயைக் கீழே கொண்டுவந்துவிட்டாள்.

ஸ்கேலை வைத்தாள்.

'நான் இருக்கும் இடத்துக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை.' தொண்ணூற்றேழு. 'என் உடம்பில் இருப்பது நான் வாங்கிய துணி இல்லை.' தொண்ணூற்றொன்பது. 'என்மேல் படுவது எதுவும் எனக்கு உறைப்பதில்லை.' நூறு. 'நான் பேசுகிறேன், மற்றவர்களுக்குக் கேட்பதில்லை.' நூறு. 'வீட்டில் இருப்பவர்கள் எனக்கு அந்நியர்களாகத் தெரிகிறார்கள்.' நூறு. ஸ்கேலை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். நூறுதான்.

கூட்டி வகுத்தால் சராசரி எண்பத்து நாலு. அதற்கு அடுத்தபடியாக அதிகம் வந்த தாளே முப்பத்தொன்றுதான்.

உமா பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பயத்தில் இல்லை, அப்போது பயம் வரவில்லை. விஜி வந்திருக்கிறாள். வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கீழே இரண்டு பெண்கள் சோறு தின்பதையும் தூங்குவதையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவர்கள் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை.

மதியம் சுஷ்மா மேடம் எண்களைப் பார்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டார். இது விளையாட்டுக்குப் போட்டது மாதிரி இல்லையே, பத்தொன்பது யார் என்று கேட்டார். உமா தரையைப் பார்த்துக்கொண்டு, என் தங்கை என்றாள். அலுவலகத்தில் யாருக்கும் விஜியைப் பற்றித் தெரியாது. மேடம் எழுந்து கதவைச் சாத்திவிட்டு, இப்படி இருப்பவர்களை வீட்டில் திட்டுவார்கள், நடிக்கிறாள் என்பார்கள், நீ அதைச் செய்யாதே என்றார். அவள் மிகவும் பயந்திருப்பாள். அவள் எங்கே இருக்கிறாள், இன்று என்ன கிழமை, நீ யார் என்பதைத் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொல். இரண்டாம் தடவைத் தாள் முடிந்ததும் என்னிடம் கூட்டி வா.

அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு உமா ஏணியில் நாலு படி ஏறினாள். தலை மாளாவின் விளிம்புக்குக் கீழேயே இருந்தது. அதற்கு மேல் கால் போகவில்லை.

"விஜி. இது நம்ம வீடு. தாராவி. இன்னைக்கு செவ்வாக்கிழம. நான் உமா, உன் அக்கா. கீழ அம்மா இருக்கா. பயப்படாத."

கீழே அம்மா நூல் வெட்டும் கட்டரின் சத்தம் நின்றது. உமாவின் வாயிலிருந்து அந்தப் பெயரைக் கேட்டுப் பதினோரு மாதமாகியிருந்தது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மேலே பலகையில் ஏதோ மெதுவாக நகர்ந்தது, துணி மூட்டையை ஒருவர் தூக்க முடியாமல் இழுப்பது போல, பெட்டி இருந்த பக்கத்திலிருந்து மூலைக்கு. பவுடர் வாசனை கனமாக இறங்கியது. அந்த வாசனைக்கு அடியில் இன்னொன்று இருந்தது. மழைக்குப் பிறகு ஸ்டேஷனில் நின்றால் தண்டவாளத்துக் கருங்கல்லிலிருந்து எழும்புமே, இரும்பும் எண்ணெயும் அழுக்குத் தண்ணீரும் கலந்த அந்த வாடை.

தினமும் சொன்னாள். புதன்கிழமை, வியாழக்கிழமை. தேதி சொன்னாள். விஜிக்குப் பிடித்த வடா பாவ் வண்டி எந்த மூலையில் நிற்கும், விஜி எந்தக் கடையில் செருப்பு வாங்கினாள், அம்மாவுக்கும் அவளுக்கும் எதற்கெல்லாம் சண்டை வரும் என்று சின்னச் சின்ன விஷயங்களையும் சொன்னாள். உயிரோடு இருந்தபோது தங்கையிடம் அவள் இவ்வளவு பேசியதில்லை. பேச்சு விஜியுடையதாக இருந்தது எப்போதும். சொல்லச் சொல்ல உமாவுக்கு நெஞ்சு லேசானது. ஞாபகம் வந்துவிடும் என்று நினைத்தாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்தக் கோடு நூறிலிருந்து தொண்ணூறுக்கு வந்தால் போதும்.

ஆனால் மேலே இருந்தது அமைதியாகவில்லை.

ஆறாம் நாள் பெட்டியில் இருந்த கண்ணாடி குப்புறக் கிடந்தது. அம்மா நிமிர்த்தி வைத்தாள். மறுநாளும் குப்புறக் கிடந்தது. எட்டாம் நாள் டஜன் வளையலும் இரண்டிரண்டாக உடைந்திருந்தன, ஒவ்வொன்றும் சரியாக நடுவில். பத்தாம் நாள் காலையில் பாவாடை ஏணிக்குக் கீழே சொதசொதவென்று விழுந்து கிடந்தது. கூரை ஒழுகவில்லை. அம்மா அதைப் பிழிந்து, கலர் பிடிக்கலயோ என்னமோ என்று சொல்லிக்கொண்டே கொடியில் போட்டாள். சாயங்காலம் வேறு கலரில் ஒன்று வாங்கி வந்தாள்.

பதினோராம் நாள் உமா நாலாம் படியில் நின்று, விஜி என்றாள்.

பலகையில் ஓர் அடி விழுந்தது.

அவள் கை ஏணியை இறுகப் பிடித்தது. இது நம்ம வீடு என்றாள். சத்தமில்லை. நான் உமா என்றாள். சத்தமில்லை. விஜி என்றாள். அடி. தலைக்கு நேர் மேலே, உள்ளங்கையால் அறைவது போல. மறுபடி சொன்னாள். மறுபடி அடி. பலகை இடுக்கிலிருந்து தூசி அவள் கண்ணில் விழுந்தது. வீட்டின் பெயருக்குக் கோபமில்லை, உமாவின் பெயருக்குக் கோபமில்லை. ஒரு பெயருக்கு மட்டும்.

அப்போது ஒரு யோசனை வந்தது. உமா அதை முழுதாக நினைத்துப் பார்ப்பதற்குள் இறங்கிவிட்டாள். ஸ்டவ்வைப் பற்ற வைத்தாள், அரிசி களைந்தாள், களைந்த அரிசியையே மறுபடி களைந்தாள்.

மறுநாள் மேடத்திடம், தங்கை தன் பெயரைச் சொன்னால் கோபப்படுகிறாள் என்று மட்டும் சொன்னாள். மேடம் யோசித்தார். அப்படியானால் நீ சொல்வதை நிறுத்து, கேள் என்றார். நாம் வைத்த பெயரை அவள்மேல் திணிக்காதே. அவள் தன்னை யாரென்று நினைக்கிறாள் என்று அவளிடமே கேள்.

பதினாலாம் நாள், ஞாயிறு, மதியத்திலிருந்தே மழை. மூன்றரைக்குச் சந்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. மற்றப் பெண்கள் யாரும் வரவில்லை, அவர்களுக்கு நாளைக்குத்தான். வாசல்படிக்கு அரையடி கீழே கறுப்புத் தண்ணீர் நாடியைப் போல ஏறி இறங்கிக்கொண்டிருக்க, தகரக் கூரையில் மழை ஒரே சீராக விழுந்து மற்ற எல்லாச் சத்தத்தையும் மூடியிருக்க, டியூப் லைட் அடிக்கடி கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. அம்மா தலை சீவி, திருநீறு பூசி, பரீட்சைக்கு வந்தவளைப் போல உட்கார்ந்திருந்தாள். அட்டை மாளாவின் விளிம்பில் இருந்தது. புதிய தாள், அதே எண்.

மணி நாலு. உமா வாசித்தாள்.

ஒவ்வொரு கேள்விக்கும் அம்மாவின் பேனா காகிதத்தில் கரகரத்தது. அது ஓய்ந்த பிறகு மேலே இன்னொரு சத்தம் கேட்டது, மழைக்கு ஊடே, நகத்தால் துணியில் கோடு இழுப்பது போல மெல்லியதாக. பத்தாவது கேள்வியிலிருந்து அது நீண்டுகொண்டே போனது. இருபதாவதில் மேலே எதுவோ மூச்சு வாங்கியது. உமா குரலை உயர்த்தவில்லை, வேகமாக்கவில்லை. அதே ஆள், அதே கேள்வி, அதே குரல். முப்பது முடிந்ததும் எழுந்து, கையை மட்டும் நீட்டி அட்டையை எடுத்தாள்.

முதல் சில வெட்டுகள் நூறில் இருந்தன. அதன் பிறகு கோட்டின்மேல் எதுவும் இல்லை. 'எப்போதும்' என்று அச்சடித்த சொல்லையும் தாண்டி, வெறும் காகிதத்தில், வலது ஓரத்தில் வெட்டு விழுந்திருந்தது. 'அந்நியர்கள் பழகியவர்கள் போல என்னை வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.' தாளின் விளிம்பில். 'இவர்கள் நினைக்கும் ஆள் நான் இல்லை.' விளிம்பில் பாதி, அட்டையில் பாதி.

நூறுக்கு மேல் எண் கிடையாது. அவளிடம் இருந்த விதிமுறைத் தாளில் அதற்கு ஒரு வரியும் இல்லை.

"என்ன போட்டுருக்கா?" என்றாள் அம்மா. "போன தடவைக்குக் கொறஞ்சிருக்கா?"

உமா தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் ஸ்கேலை வைத்து, இடமிருந்து வலமாக நூறு மில்லிமீட்டருக்கு ஒரு கோடு போட்டாள். இடது முனையில் எழுதினாள், வலது முனையில் எழுதினாள். மேலே ஒரே ஒரு வாக்கியம் எழுதினாள். அட்டையை விளிம்பில் வைத்துவிட்டு, அம்மாவுக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

"நான் விஜயராணி."

மழை.

பிறகு பேனா அழுந்தும் சத்தம். ஒரே இழுப்பு. காகிதம் கிழிந்தது.

அட்டையை இறக்கிப் பார்த்தாள். இடது முனை. 'ஒருபோதும் இல்லை.' சரியாக அதன் மேல். ஸ்கேல் தேவைப்படவில்லை. பூஜ்யம்.

பதினோரு மாதம். போலீஸ் ஸ்டேஷனுக்கு யாரும் போகவில்லை. எந்த மருத்துவமனையிலும் படுக்கை படுக்கையாகப் பார்க்கவில்லை. விஜியின் போட்டோவை யாரிடமும் காட்டவில்லை. ஒரு நாள்கூட, ஒரு மணி நேரம்கூட யாரும் விஜியைத் தேடவில்லை.

விளக்கு போனது.

தண்ணீர் ஏறினால் மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். அது அவளுக்குத் தெரியும். சந்தில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். கதவிடுக்கில் கொஞ்சம் சாம்பல் வெளிச்சம் தெரிந்தது, ஏணிவரை அது வரவில்லை.

ஏணியின் உச்சிப் படி முனகியது.

அடுத்த படி.

அடுத்த படி.

"வா தாயி," என்றாள் அம்மா, இருட்டில், குரல் இளகி. "எங்கிட்ட வா. குளிருதா? மடியில வந்து படு."

அது அம்மாவிடம் போகவில்லை.

தரையில் ஈரக் கால். ஒன்று. பிறகு இழுபடும் ஒன்று. கருங்கல் வாடை. உமாவின் முகத்துக்கு எதிரே குளிர் வந்து நின்றது, குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தது போல. அவள் அசையவில்லை. மணிக்கட்டை எதுவோ பிடித்தது. விரல்கள். ஐந்தும் இருந்தன. முரட்டுத்தனமாக இல்லை. கண் தெரியாதவரின் கையைப் பிடித்து ஒரு பொருளைக் காட்டுகிறவர் பிடிப்பது போல. கை மேலே போனது. ஒரு முகத்தில் வைக்கப்பட்டது.

ஈரம். அகலமான நெற்றி. அடர்ந்த புருவம். மூக்கில் சின்னக் கல் வைத்த மூக்குத்தி. விஜி மூக்குக் குத்தியதில்லை.

கன்னம். தெரியாத கன்னம். சின்னப் பெண். பதினெட்டு இருக்கலாம்.

கையை அது மற்றப் பக்கத்துக்கு நகர்த்தியது.

அந்தப் பக்கம் முகம் இல்லை. முடி இருந்தது. ஜல்லி இருந்தது. கை அங்கேயே பிடித்து வைக்கப்பட்டது. எடுக்க விடவில்லை. உமா கண்ணை மூடவில்லை. முடிந்தவரை அகலமாகத் திறந்து வைத்திருந்தாள். இருட்டு மட்டும்.

உள்ளங்கைக்குக் கீழே மிச்சமிருந்த உதடு அசைந்தது. சத்தமில்லாமல். ஒரே சொல். மறுபடி அதே சொல். மறுபடி. அது ஒரு பெயர் என்று தெரிந்தது. என்ன பெயர் என்று தெரியவில்லை.

"உமா," என்றாள் அம்மா. அவள் குரலில் முதன்முறையாக ஏதோ பிசகியிருந்தது. "என்னட்டி பேச மாட்டேங்க? நம்ம விஜிதான? நீதான பாத்த அன்னைக்கு."

உதடு நின்றது. காத்திருந்தது.

"பாக்கலம்மா," என்றாள் உமா. "துணிய வெலக்குனாங்க. நான் கண்ண மூடிக்கிட்டேன். தொறக்கவே இல்ல. மூடிக்கிட்டே ஆமான்னு சொன்னேன்."